காத்துப்புடுங்கி

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. கடைய சாத்திட்டுப் போயிட்டான்னு சில பேர் சந்தோஷப்பட்டிருப்பீங்க. அவ்ளோ சீக்கிரம் விட்ருவோமா? :-) ஞாயித்துக்கிழமை ஆனா அக்கா வீட்டுல நாலு வாண்டுகளுக்கு நடுவுல உக்காந்து பகடை உருட்டிட்டு இருக்கேன். அங்க நடந்த ஒரு விஷயத்த எழுதணும்னு ஒரு மாசமா மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஆட்டம் பத்தி நாலு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது. போர்டு கிடையாது, காய் நகர்த்தறது கட்டாயம் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு பாத்திரமா இறங்கணும். கதை சொல்றவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேரு. எங்க வீட்டுல அது அடியேன். "கதவ உடைக்கிறேன்"ம்பான் ஒருத்தன். உடைஞ்சுதா இல்லையான்னு பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடைக்கு எங்க வீட்டுல "இருபதான்"னு பேரு. ஆறு முகம் உள்ளதுக்கு, வேற என்ன, "ஆறுமுகம்"தான்.

ஆடறவங்க நாலு பேர். அக்கா பொண்ணு, அவ அண்ணன், பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேர். அக்கா பொண்ணுக்கு வயசு பதிமூணு. பேரெல்லாம் வேணாம், குட்டிச்சாத்தான்னு வச்சுக்குவோம். சுருக்கமா கு.சா. அவ பாத்திரம் ஒரு மந்திரவாதி. இந்த ஆட்டத்துல மந்திரம் எல்லாம் புஸ்தகத்துல பட்டியல் போட்டு வச்சிருக்கும். எந்த நிலை, எவ்ளோ தூரம், எத்தன பகடைன்னு எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. புஸ்தகத்துல இல்லாதத நாமளே எழுதிக்கவும் செய்யலாம். அதுக்கு ஹோம்ப்ரூன்னு பேரு. நம்ம பாஷையில சொந்தச் சரக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை கு.சா. ஒரு நோட்டுத்தாள நீட்டினா. "மாமா, என்னோட சொந்தச் சரக்கு. படிச்சுட்டு ஓகே சொல்லுங்க."

தலைப்பு: காத்துப்புடுங்கி. இரண்டாம் நிலை மந்திரம். இருபது அடி ஆரத்துக்கு ஒரு உருண்டை. அதுக்குள்ள இருக்கற காத்து மொத்தமும் காலி. ஒரு நிமிஷம் இருக்கும். உள்ள மாட்டினவன் மூச்சுத் திணறி விழுவான். தேவையான பொருள்: "காலியான ஒரு சின்ன உலோகக் குப்பி. குலுக்கினா உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது."

அந்தக் கடைசி வரிய நான் சரியாவே படிக்கல. அது பத்தி அப்புறம் சொல்றேன்.

எனக்குள்ள இருக்கற சட்ட வாத்தியார் முழிச்சுக்கிட்டார். "கண்ணு, இது செல்லாது"ன்னேன். ஏன்னு கேட்டா. நாங்க ஆடறது 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதுல மூச்சடக்கறதுக்குத் தனியா விதி இருக்கு. ஒரு ஆளோட உடம்பு உறுதி எவ்ளோவோ அதுக்குத் தகுந்த எண்ணோட ஒண்ணு கூட்டினா, அத்தன நிமிஷம் மூச்சடக்கலாம். கொஞ்சம் திடமான ஆளுக்கு மூணு நிமிஷம். சண்டையில ஒரு சுத்துங்கறது ஆறு செகண்ட். அப்ப மூணு நிமிஷம்னா முப்பது சுத்து. எங்க சண்டையெல்லாம் அஞ்சாறு சுத்துல முடிஞ்சுடும். இவளோட மந்திரமோ ஒரே நிமிஷம், பத்து சுத்து. அதாவது உள்ள நிக்கிறவன் மூச்சப் புடிச்சுக்கிட்டு ஜாலியா கத்தி சுத்திட்டு இருப்பான். ஒரு மந்திரம் வேஸ்ட்டு.

நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அவ அடுத்த வாரம் வந்தா.

"மாமா, காத்தே இல்லாத எடத்துல மூச்சப் புடிக்க முடியாது. புடிச்சா நுரையீரல் கிழிஞ்சுடும். வெளிய விட்டே ஆகணும்."

தேடிப் படிச்சுட்டு வந்திருக்கா. வாஸ்தவம்தான். வெளிய அழுத்தம் இல்லன்னா உள்ள இருக்கற காத்து விரியும், அடக்கினவனுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. இதுக்கு நிஜமாவே ஒரு சாட்சி இருக்கார். 1966ல் ஹூஸ்டன்ல நாசாவோட வெற்றிட அறையில விண்வெளி உடைய சோதிச்சுட்டு இருந்தப்ப, ஜிம் லெப்ளாங்க்ங்கற தொழில்நுட்பரோட குழாய் கழண்டுடுச்சு. சுமார் 14 செகண்ட்ல நினைவு போயிடுச்சு. நாக்குல இருந்த எச்சில் கொதிக்கற மாதிரி இருந்ததுதான் அவருக்குக் கடைசியா ஞாபகம். உடனே அறைக்குள்ள காத்த விட்டதால பொழச்சுக்கிட்டார். 1971ல் சோயுஸ் 11 கலத்துல திரும்பி வந்த மூணு சோவியத் விண்வெளி வீரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இறங்கற வழியில ஒரு வால்வு திறந்துக்கிட்டு காத்து மொத்தமும் வெளிய போயிடுச்சு. மூணு பேருமே பொழைக்கல.

பதினாலு செகண்ட்னா ரெண்டே சுத்து சொச்சம். வேஸ்ட்டா இருந்த மந்திரம் ஒரே வாரத்துல எமனா மாறிடுச்சு. ரெண்டாம் நிலையில டிராகனையே ரெண்டு சுத்துல சாய்க்கலாம்னா, அப்புறம் எட்டு ஆறுமுகம் உருட்டற ஃபயர்பால எவன் சீண்டுவான்? அது மூணாம் நிலை வேற.

நானும் என் பங்குக்குக் கணக்குப் போட்டேன். இருபது அடி ஆரம்னா உள்ள சுமார் 950 கனமீட்டர் காத்து. எடை என்ன தெரியுமா? ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல! காத்துதானேன்னு இளக்காரமா நினைக்கிறோம், ஒரு சின்ன கார் எடை இருக்கு. மந்திரம் முடிஞ்சு சுத்தி இருக்கற காத்து உள்ள பாயும்போது வர்ற சக்தி, தோராயமா 23 கிலோ டி.என்.டி. வெடிச்ச மாதிரி. "கண்ணு, நீ மூச்சுத்திணறல் மந்திரம் எழுதல, குண்டு எழுதியிருக்க"ன்னேன். அவளுக்கு ஒரே பெருமை.

நாலாம் நிலைக்கு ஏத்தி, ஆரத்தப் பத்தடியா குறைச்சோம். பாதி ஆரம்னா எட்டுல ஒரு பங்கு காத்து, 140 கிலோ சொச்சம். குண்டும் 3 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா சுருங்கிடுச்சு. பத்தடின்னா சாதாரண ஆள் ஒரே ஓட்டத்துல வெளிய வந்துடலாம். வலை போட்டோ காலக் கட்டியோ நிறுத்தினாதான் வேலைக்காகும். மூச்சடக்கற விதி மட்டும் முடிவாகல. "பரிசோதனை பண்ணிப் பாப்போம்"னேன்.

இங்கதான் நம்ம புத்தி வேலை செஞ்சுது. அதாவது செய்யல.

டன்ஜன் மாஸ்டர்களுக்குள்ள ஒரு பழைய வழக்கம் உண்டு. நீ எந்த ஆயுதத்த எடுக்கறியோ, எதிரியும் அத எடுப்பான். ஆட்டக்காரங்க ஓவரா ஆடாம இருக்க நல்ல கடிவாளம். அந்த வாரம் சுரங்கத்துல இவங்க துரத்திட்டுப் போன கிழட்டு மந்திரவாதி, திரும்பி நின்னு கு.சா. மேலயே காத்துப்புடுங்கிய ஏவினான். பக்கத்து வீட்டுப் பையன் "ஆப்பு! ஆப்பு!"ன்னு கத்தினான். இருபதானை உருட்டினா. நாலு. தோல்வி.

நான் வர்ணிக்க ஆரம்பிச்சேன். எனக்குக் கொஞ்சம் நல்லா வர்ணிக்க வரும்னு ஒரு நினைப்பு உண்டு (உங்களுக்குத் தெரியாததா). தீப்பந்தம் அணையுது. சத்தம் எல்லாம் நின்னு போச்சு. உன் நெஞ்ச யாரோ இறுக்கிப் பிடிக்கிறாங்க. வாயத் திறக்குற, ஒண்ணும் உள்ள வரல. மறுபடி திறக்குற... அப்படியே நானே என் குரல்ல மயங்கிப் போய்க் குரலத் தாழ்த்தி இழுத்து இழுத்துச் சொல்லிட்டு இருந்தேன்.

நிமிர்ந்து பாத்தா அவ நாற்காலி காலி. பால்கனிக் கதவு ஆடிட்டு இருந்துது.

அவ அண்ணன்தான் மெதுவா சொன்னான். "மாமா, அவளுக்கு வீசிங் இருக்குல்ல."

தெரியும். எனக்குத் தெரியாதா? மூணு வயசுல அவளுக்கு இழுப்பு வந்தப்ப நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினதே நான்தான். ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல, ஓடறா ஆடறா, அதனால மறந்து போச்சு. மறந்து போச்சுன்னு இப்ப எழுதும்போதுகூட கூசுது. சமையலறை வாசல்ல நின்னு அக்கா என்னப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு எந்தப் பதிப்புலயும் விதி கிடையாது.

இந்த மாதிரி நேரத்துக்குன்னே ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ்னு ஒருத்தர் எக்ஸ் கார்டுன்னு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கார். மேசை நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டை. கதை யாருக்காவது தாங்கலன்னா அதத் தொட்டாப் போதும். ஏன்னு கேக்காம அந்த இடத்தத் தாண்டிப் போயிடணும். நான் அதப் பத்திப் படிச்சிருக்கேன். "நம்ம வீட்டுப் பசங்கதானே, அட்டையெல்லாம் எதுக்கு"ன்னு சிரிச்சுட்டு விட்டிருக்கேன். வீட்டுப் பசங்கன்னாதான் அது இன்னும் ஜாஸ்தி தேவை. வெளியாள்கிட்ட நிறுத்துங்கன்னு சொல்லிடலாம், மாமாகிட்ட எப்படிச் சொல்றது?

பால்கனிக்குப் போனேன். கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தா. அழல. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் திறந்தேன்.

"நீங்க சொன்னது தப்பு மாமா"ன்னா.

"தப்புதான் கண்ணு, நான் யோசிக்கவே..."

"அது இல்ல. அப்படி இருக்காது. காத்து உள்ள வரலன்னு சொன்னீங்கல்ல? உள்ள போகும். வெளிய வராது. உள்ளயே மாட்டிக்கும். மேல மேல இழுக்கத் தோணும், இழுக்க எடமே இருக்காது. அப்ப வாய ஊதற மாதிரி வச்சுக்கிட்டு மெதுவா வெளிய விடணும். அது ரொம்பக் கஷ்டம். பயத்துல இழுக்கத்தான் தோணும்."

அவ சொன்னது சரி. ஆஸ்துமாவுல மூச்சுக்குழாய் சுருங்கிக்கும். சுருங்கின குழாய் வழியா காத்து உள்ள போறத விட வெளிய வர்றதுதான் கஷ்டம். பழைய காத்து உள்ளயே தேங்கிடும். இத்தன வருஷம் அவ பக்கத்துல உக்காந்திருக்கேன், இத நான் கேட்டதே இல்ல. வெற்றிடத்துலயும் மூச்ச விட்டவனுக்குத்தான் வாய்ப்புன்னு அவ ஏன் அவ்ளோ உறுதியா வந்து வாதாடினான்னு அப்பதான் உறைச்சுது. அவ வெறும் தகவல் சொல்லல. தெரிஞ்சத சொல்லியிருக்கா.

அப்புறம்தான் ஒண்ணு தட்டுச்சு. "இவ்ளோ நல்லா ஞாபகம் இருக்கா கண்ணு? ரெண்டு வருஷம் ஆச்சே?"

பதில் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "போன வாரம்கூட வந்துச்சு"ன்னா. "அதுக்கு முன்னாடி வாரமும்."

கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துது. பள்ளிக்கூடத்துல மாடிப்படி ஏறும்போது வந்திருக்கு. பையில நீல பஃப் இருந்திருக்கு, ஆனா எடுக்கல. ஏன்னா ஒரு தடவ எடுத்தப்ப வகுப்புல பேரு வச்சுட்டாங்க. "பம்ப்பு செட்டு." கோயமுத்தூர்க்காரங்களுக்குப் பட்டப்பேரு வைக்கச் சொல்லியா தரணும்? அதுக்கப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திட்டு ஒக்காந்திருக்கா. தினம் காலைல எடுக்கவேண்டிய தடுப்பு இன்ஹேலரையும் ரெண்டு மாசமா எடுக்கல. "நல்லாத்தானே இருக்கேன்"னு விட்டுட்டாளாம். நல்லா இருக்கறதே அத எடுக்கறதாலதான்னு பெரியவங்களுக்கே புரிய மாட்டேங்குது, பதிமூணு வயசுக்கு என்ன சொல்ல?

"காலியான சின்ன உலோகக் குப்பி. குலுக்கினா உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது." அப்பதான் அந்த வரிய நான் படிச்சேன்.

அக்காகிட்ட சொல்லித்தான் ஆகணும்னேன். கோவப்பட்டா. "உங்ககிட்ட சொன்னா அம்மாகிட்ட சொல்வீங்கன்னு தெரிஞ்சே சொன்னேன் பாருங்க"ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டா. அது கோவமா இல்ல நிம்மதியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மறுநாள் டாக்டர். டாக்டர் ஊதச் சொல்லி ஒரு கருவியில அளந்து பாத்தார். இருக்கவேண்டியத விட நல்லாவே குறைவு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா ராத்திரியில வந்து நின்னிருப்பீங்கன்னார். அக்கா என்கிட்ட அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பேசல. அப்புறம் பேசினா.

ஒரு ஓவியம் இருக்கு. லண்டன் நேஷனல் கேலரியில. 1768ல் ஜோசப் ரைட்டுங்கறவர் வரைஞ்சது. அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ராபர்ட் பாயில், ஹூக்கோட உதவியோட காத்த உறிஞ்சற பம்ப் செஞ்சு, கண்ணாடிக் குடுவைக்குள்ள மெழுகுவத்தி, பறவைன்னு எல்லாத்தையும் வச்சுப் பாத்துட்டார். ரைட் காலத்துல அதையே ஊர் ஊரா வித்தையா காட்டிட்டு இருந்தாங்க. ஓவியத்துல குடுவைக்குள்ள ஒரு வெள்ளைக் கிளி தவிக்குது. சுத்தி ஆளுங்க. ஒரு பொண்ணு பாக்க முடியாம கண்ண மூடிக்குது. வித்தை காட்டறவர் கை மேல திருகு மேல இருக்கு. திறந்தா காத்து உள்ள போகும், கிளி பொழைக்கும். அவரோ கிளியப் பாக்கல, நேரா நம்மளப் பாக்கறார். இந்தப் படத்த எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பாத்தப்பதான் அந்த ஆள எங்கயோ பாத்த மாதிரி இருந்துது.

மந்திரத்த விட்டுடலாம்னு சொன்னேன். அவ விடல. "என் சரக்கு, நான்தான் முடிக்கணும்." ரெண்டு பேரும் ஒக்காந்து முடிச்சோம். 2024ல் வந்த திருத்தப் பதிப்புல மூச்சுத்திணறலுக்கு வேற விதி: மூச்சு தீந்ததும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு படி களைப்பு ஏறும், ஆறு படி ஆனா ஆள் காலி. ஒவ்வொரு படிக்கும் பகடையில ரெண்டு குறையும், நடை அஞ்சடி குறையும். அது அவளுக்குப் பிடிச்சுது. "ஆமா, நடக்க முடியாது"ன்னா. ஆனா அதே விதியில மூச்சு விட முடிஞ்ச உடனே அந்தக் களைப்பு எல்லாம் போயிடும்னு இருக்கு. அத அவ அடிச்சுட்டா. "வெளிய வந்த உடனே சரியாயிடாது மாமா. கொஞ்ச நேரம் ஆகும். அது வரைக்கும் யாரும் எதுவும் கேக்கக்கூடாது."

முடிஞ்ச வடிவம் இதுதான். வேணுங்கறவங்க எடுத்துக்கலாம், அனுமதி வாங்கிட்டேன்:

காத்துப்புடுங்கி. நான்காம் நிலை. அறுபதடி தூரத்துக்குள்ள ஒரு புள்ளி, அதச் சுத்திப் பத்தடி ஆரத்துக்கு உருண்டை. மந்திரவாதி கவனம் சிதறாம இருந்தா ஒரு நிமிஷம் வரைக்கும் நிக்கும். பொருள் அதே குப்பி.

1. உள்ள இருக்கற சாதாரண நெருப்பு எல்லாம் அணையும்.

2. சத்தம் கிடையாது. வாயால சொல்லவேண்டிய எந்த மந்திரத்தையும் உள்ள இருந்து சொல்ல முடியாது.

3. மூச்சு விடற உயிர் எதுவும் தன்னோட முறை முடியும்போது உள்ள இருந்தா, உடம்பு உறுதிக்கு இருபதானை உருட்டணும். தோத்தா ஒரு படி களைப்பு. மூச்ச வெளிய விட்டுட்டேன்னு சொன்னவன் ரெண்டு தடவ உருட்டி நல்லத எடுத்துக்கலாம். அடக்கிப் புடிச்சேன்னு சொன்னவன் மோசமானதத்தான் எடுக்கணும்.

4. வெளிய வந்தா சுத்துக்கு ஒரு படி வீதம்தான் களைப்பு இறங்கும். அது வரைக்கும் அவன் பதில் பேசவேண்டியதில்ல.

5. மந்திரம் முடியும்போது காத்து உள்ள பாயும். உருண்டைக்குள்ள இருக்கறவங்களுக்கு மூணு ஆறுமுகம் இடி அடி.

6. எலும்புக்கூடு, மண்பொம்மை மாதிரி மூச்சே விடாததுங்களுக்குத் திணறல் கிடையாது. இடி மட்டும் உண்டு.

போன ஞாயித்துக்கிழமை முதல் தடவையா சண்டையில எடுத்தா. எதிர்ல ஒரு ஓகர், தடிமாடு. அவன் காலச் சுத்தி வலை போட்டாச்சு, எல்லாம் பக்கா. நாடகமா எழுந்து நின்னு மந்திரம் சொன்னா. நான் ஓகருக்காக உருட்டினேன். பத்தொம்போது. தப்பிச்சுட்டான். அடுத்த முறை வர்றதுக்குள்ள மூலையில இருந்த ஒரு கோப்ளின் பொடியன் விட்ட கல்லுல இவளோட கவனம் சிதறி மந்திரமே கலைஞ்சுடுச்சு. இடி மட்டும் விழுந்துது. ஓகர் காதக் குடைஞ்சுட்டு நின்னான். ரெண்டு வாரம் வாதாடி எழுதின மந்திரம், ஆறு செகண்ட் கூட ஓடல. பசங்க உருண்டு உருண்டு சிரிச்சாங்க. அவளும்தான். சிரிச்சு சிரிச்சுக் கடைசில இருமல் வந்து, மேசை மேலயே பகடைக்குப் பக்கத்துல இருந்த நீல பஃப எடுத்துக் குலுக்கி அடிச்சுக்கிட்டு, "ம், அடுத்து யாரு?"ன்னா.

யாரும் எதுவும் கேக்கல. நானும் அடுத்த ஆளப் பாத்து, "நீ என்ன பண்ற?"ன்னேன்.

டிஸ்கி 1: மேசை நடுவுல இப்ப எக்ஸ் போட்ட ஒரு அட்டை இருக்கு. இது வரைக்கும் ஒரே ஒரு தடவதான் தொட்டிருக்காங்க. தொட்டது நான். பக்கத்து வீட்டுப் பையன் அவன் பாத்திரத்துக்குப் பாட்டுப் பாட ஆரம்பிச்சப்ப.

டிஸ்கி 2: நாலாம் நிலை சரியா, அஞ்சுக்கு ஏத்தணுமான்னு விதி தெரிஞ்ச புண்ணியவான்கள் சொல்லிட்டுப் போங்க. திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க. மந்திரத்தத் திட்டினா அத எழுதினவங்க நேர்ல வந்து வாதாடுவாங்க. அனுபவத்துல சொல்றேன், ஜெயிக்க முடியாது. :-)